நூற்றிரண்டு காயின்

மார்ச் 3, செவ்வாய்

இன்று இரண்டு கப்பல், பதினேழு மூட்டை. காலை ஏழு மணியிலிருந்து துணிகளுக்குக் குறி போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் நீலம். ஒரு மாலுமியின் மூட்டையில் காலுறை நாற்பத்தொன்று. ஒன்று குறைகிறதே என்று சைகையில் கேட்டேன். கடல் பக்கம் கையைக் காட்டினான். நாற்பத்தொன்று என்றே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். சிரிப்பு வேறு, கணக்கு வேறு.

சாயங்காலம் மருமகளின் போனில் இரண்டு தடவை மணி அடித்தது. இரண்டு கப்பலின் காசும் அதிலிருக்கும் கடையின் பொது வாலட்டில் விழுந்துவிட்டது. கவுண்டரில் ஒட்டியிருக்கும் ஸ்கேன் அட்டையைக் கப்பலுக்கு ஒருவராக வந்து போனில் படம் பிடிப்பார். எல்லோருடைய சலவைக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் காயின், போனுக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் காசு, வந்துவிடும். கரைக்குக் கரை நோட்டு மாறுவதால் மாலுமிகளுக்கு இதுதான் தோது. என் மகன் சொல்லிக்கொடுத்த யோசனை. அவனும் கப்பலில்தான், இயந்திர அறையில். இந்த மாதம் முழுக்க அவனுக்குப் போன் சிக்னல் எடுக்காத கடல்.

பேத்தி ஆறாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. ஐந்தோடு நின்றவளின் பேத்தி. அந்த நாலு எங்கே போனது என்று மட்டும் கேட்டேன். முறைத்தாள்.

மார்ச் 4, புதன்

கூட்டாளிகள் ஆறு பேரும் சலவைக் கடையில் கூடினார்கள். மருமகள் அந்த ஆறில் ஒருத்தி. நான் கூட்டாளி இல்லை, குறி போடுகிறவள். தினக்கூலி.

பழைய கப்பல்களை உடைக்கிற இடத்தில் துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். போன மழையில் துணி காயாமல் மூன்று கப்பல் நம்மை விட்டுப் போனதை யாரும் மறக்கவில்லை. முன்பணம் நூறு காயின், இருபதாம் தேதிக்குள். "வாலட்ல நூத்திப் பதினொண்ணு இருக்கு" என்றாள் மருமகள். இஸ்திரிக்காரி கையைத் தட்டினாள். அவள்தான் ஆறு பேரில் மூத்தவள்.

நாளை முதல் பத்து நாளைக்குக் கப்பல் கிடையாது. துறைமுகத்தில் தூர் வாருகிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இஸ்திரிக்காரியின் மாப்பிள்ளை கடைக்கு வந்தார். போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். கம்ப்யூட்டர் மாப்பிள்ளை என்போம், அவருக்கும் அதில் பெருமைதான். இயந்திரம் வாங்குமுன் கணக்கை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவராகவே வந்தாராம். கவுண்டர் அட்டையைத் தன் போனில் பிடித்தார்.

"இந்த அட்டையில இருக்கற அட்ரஸுக்கு எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சுன்னு நெட்ல யார் வேணும்னாலும் பாக்கலாம். ஒளிவு மறைவே கிடையாது" என்றார். பார்த்தார். முகம் மாறியது.

"வந்தது நானூத்திப் பன்னெண்டு. போனது நானூத்தி மூணு. இருக்கறது ஒம்பது."

"ஒம்பதா!" என்றாள் இஸ்திரிக்காரி.

"செலவு எவ்வளவுங்க?" என்று என் மருமகளைக் கேட்டார். முந்நூற்றொன்று என்றாள். "அப்போ மிச்சம் நூத்தி ரெண்டு எங்க? யாருன்னே தெரியாத அட்ரஸுங்களுக்குப் போயிருக்கு. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. நீங்க பணம் அனுப்பின ஒவ்வொரு தடவையும்."

அவள் தன் போனைத் திறந்து வாலட்டைக் காட்டினாள். அதில் நூற்றிப் பதினொன்று என்றுதான் இருந்தது. மாப்பிள்ளை சிரித்தார். "ஆப்ல என்ன வேணும்னாலும் காட்டலாம். ஊரே பாக்கற பக்கத்துலதான் உண்மை இருக்கும்."

"நான் எடுக்கல" என்றாள். ஒரே ஒரு தடவை.

இஸ்திரிக்காரி என் பக்கம் திரும்பினாள். "பெரியம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பறோம்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன்? "அவ எடுத்திருந்தா எங்க வீட்டு ஆளுன்னு பாக்க மாட்டேன்" என்றேன். ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கில் இருபத்தாறு வருடம், ஒரு தலையணை உறை குறையாமல் கணக்கு ஒப்படைத்தவள் அல்லவா. அந்தத் திமிர் பேசியது. எல்லோரும் ஆகா என்று தலையாட்டினார்கள். மருமகள் மட்டும் கண் எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

பதினைந்தாம் தேதி ஞாயிறு மறுபடி கூடுவதாக முடிவு. அதற்குள் கணக்கு நேராகாவிட்டால் அவள் பங்கும் போகும், அவளும் கடையை விட்டுப் போகவேண்டும். அதுவரை போன் என் பொறுப்பில். அவள் போனை மேசைமேல் வைத்தாள். அதைத் திறக்கும் எண்ணை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 7, சனி

"சாப்பிடறீங்களா அத்தை? எடுத்து வைக்கட்டுங்களா?"

பன்னிரண்டு வருடத்தில் என்னை இப்படிக் கேட்டதில்லை. "வந்து உக்காருங்க, எத்தன தடவ கூப்பிடறது" என்பாள். இன்று ஒவ்வொரு சொல்லுக்கும் மரியாதை. ஓட்டலில் சாப்பிட்டது மாதிரி இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

எடுத்திருப்பாளோ?

கேட்கக் கூடாத கேள்வி. எழுதியாவது பார்க்கிறேன். புதுச் செருப்பு வாங்கினாள், போன மாதம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த புதுசு. நூற்றிரண்டு காயினுக்குச் செருப்பு வாங்கினால் ஆயிரம் கால் வேண்டும். அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பினாளா? அங்கே யார் இருக்கிறார்கள், தம்பி ஒருத்தன், அவன் இவளுக்கு அனுப்புகிறவன்.

எடுக்கலடி. எடுக்கல. அப்புறம் ஏன் என் வாய் அப்படிப் பேசிச்சு?

மார்ச் 9, திங்கள்

கணக்கை நானே போடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

போனில் வாலட்டைத் திறந்தால் மேலே இருப்பு. கீழே தள்ளிக்கொண்டே போனால் பதினாலு மாதத்து வரவும் செலவும் ஒவ்வொரு வரியாக. வரவுக்குப் பச்சை அம்பு, செலவுக்குச் சிவப்பு அம்பு. எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாத பாஷை. எண்ணுக்குப் பாஷை ஏது?

புள்ளி வைத்த எண்தான் இடிக்கிறது. எங்கள் வகுப்பில் புள்ளி வருவதற்குள் என்னை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒரு காயினுக்கு நூறு காசு என்று வைத்துக்கொண்டேன். புள்ளிக்கு இந்தப் பக்கம் காயின், அந்தப் பக்கம் காசு. இப்போது இடிக்கவில்லை.

பழைய சலவைச் சீட்டுகளின் பின்பக்கம் முழுக்க எழுதினேன். வரவு அறுபத்தொரு வரி. மூன்று தடவை கூட்டினேன். 412 காயின் 60 காசு. மாப்பிள்ளை சொன்ன எண்ணேதான். ஆக, வரவில் குறை இல்லை.

பேத்தி எட்டிப் பார்த்து, "போன்லயே கால்குலேட்டர் இருக்கு பாட்டி" என்றாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 10, செவ்வாய்

செலவு பதிமூன்று வரி. சோப்புக்காரர், காயினை நோட்டாக மாற்றித் தருகிறவர், குழாய் வேலைக்காரர் ஒரு தடவை. ஒவ்வொரு சிவப்பு வரிக்குப் பக்கத்திலும் இவளே தமிழில் குறிப்பு எழுதிவைத்திருக்கிறாள். திருடுகிறவள் குறிப்பு எழுதுவாளா?

கூட்டினால் 298 காயின். கழித்தால் 114 காயின் 60 காசு இருக்கவேண்டும்.

வாலட் காட்டுவது 111 காயின் 48 காசு.
மாப்பிள்ளையின் பக்கம் காட்டுவது 9 காயின் 20 காசு.

ஒரே காசுக்கு மூன்று எண். என் கணக்குக்கும் வாலட்டுக்கும் 3 காயின் 12 காசு இடிக்கிறது. வாலட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் நூற்றிரண்டும் சில்லறையும். பெரியது பெரியது என்று எல்லோரும் கத்துகிறார்கள். கிடங்கில் நான் எப்போதும் சின்னக் குறையைத்தான் முதலில் தேடுவேன். ஐம்பது படுக்கை விரிப்பு குறைந்தால் எங்காவது குவியலாகக் கிடக்கும். ஒன்று குறைந்தால்தான் தூக்கம் போகும்.

மார்ச் 11, புதன்

விரல் தெரியாமல் ஒரு சிவப்பு வரிமேல் பட்டு அழுந்திவிட்டது. அது கதவு மாதிரித் திறந்துகொண்டது. உள்ளே இன்னும் எண்கள்! அனுப்பியது 15 காயின். அதன் கீழே சின்ன எழுத்தில் 4 காசு. அடுத்த வரியைத் திறந்தேன். அங்கே 5 காசு. ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் வாலட்காரன் கூலி பிடித்திருக்கிறான், அதை வெளியே பட்டியலில் காட்டவில்லை. பதிமூன்றையும் திறந்து எழுதினேன். ஏழு வரிக்கு நாலு காசு, ஆறு வரிக்கு ஐந்து காசு. 58 காசு!

எழுந்து ஒரு டீ போட்டுக் குடித்தேன். இன்னும் 2 காயின் 54 காசு.

அந்தச் சந்தோஷம் நாலு மணிவரைதான். பேத்தி பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை. "அம்மா, நீ காயின் திருடினியாமே. என் பெஞ்சுல சொல்றாங்க" என்றாள், சமையலறை வாசலில் நின்று. மருமகள் கைவேலையை நிறுத்தவில்லை. "பாட்டியைக் கேளு. போன் அவங்ககிட்டதான் இருக்கு."

அந்தக் குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"உங்கம்மா எடுக்கல" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? நூற்றிரண்டுக்கு என்னிடம் ஒரு பதிலும் இல்லை. தெரியும் என்று மட்டும் சொன்னேன். இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும் எனக்கு?

மார்ச் 12, வியாழன்

மத்தியானம் மருமகள் வீட்டில் இருந்தாள். சீட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, "எனக்குத் தெரியலம்மா. வந்து கொஞ்சம் உக்காரு" என்றேன். இதைச் சொல்ல மூன்று நாள் ஆயிருக்கிறது எனக்கு.

வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "என்னைக் கேட்டா நான் மாத்திச் சொல்லிட மாட்டேனா?"

"சொல்லேன். பாத்துக்கறேன்."

உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

வரிகளைத் திறந்து திறந்து ஆராய்ந்தோம். சோப்புக்காரருக்கு அனுப்பிய 15 காயின் வரியில், காசு வெளியே போன பக்கத்தில் இரண்டு எண்: 12 காயின் 40 காசு, 9 காயின். போய்ச் சேர்ந்த பக்கத்திலும் இரண்டு எண்: சோப்புக்காரருக்கு 15 காயின், இன்னொரு அட்ரஸுக்கு 6 காயின் 36 காசு. மாப்பிள்ளை பிடித்தது இதைத்தான். யார் இந்த ஆறு முப்பத்தாறு?

"சத்தியமா எனக்குத் தெரியாது அத்தை. நான் தொகையைப் போட்டு அனுப்புன்னு அமுக்குவேன். போயிடும். உள்ள என்ன நடக்குதுன்னு நான் பாத்ததே இல்ல."

12.40 எங்கேயோ பார்த்த எண். சீட்டைப் புரட்டினேன். அது ஒரு கப்பல் கட்டிய தொகை. 9 இன்னொரு கப்பலுடையது. இன்னொரு சிவப்பு வரியைத் திறந்தோம், அங்கேயும் வெளியே போனவை எல்லாம் கப்பல் தொகைகள்தான், ஒரு காசு குறையாமல் முழுசு முழுசாக. பதினைந்து தரவேண்டிய இடத்தில் இருபத்தொன்று நாற்பது எதற்குப் போகவேண்டும்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "கடையில நீ என்ன பண்ணுவ? முந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினா ஐந்நூறு நோட்டைக் கிழிச்சா குடுப்ப?"

"முழு நோட்டைக் குடுத்துட்டு மீதி…" என்றவள் நிறுத்தினாள். "அத்தை! மீதிச் சில்லறை!"

கூட்டிப் பார்த்தோம். 15, அதோடு 6.36, அதோடு கூலி 4 காசு. இருபத்தொன்று நாற்பது. ஒரு காசு சிந்தவில்லை.

கப்பல் கட்டிய தொகை ஒவ்வொன்றும் வாலட்டுக்குக் கிழிக்க முடியாத ஒரு நோட்டு. முழுசாக நீட்டிவிட்டு மீதியை வாங்கி வேறு பையில் போட்டுக்கொள்கிறது. மாப்பிள்ளை பார்த்தது கவுண்டர் அட்டையின் அட்ரஸை, அந்த ஒரு பையைத்தான்.

"ஆனா அந்த வேற பை நம்ம பைதான்னு எப்படிச் சொல்றது? அவர் விடமாட்டார்" என்றாள். நியாயம்தான். போனைக் குடைந்தாள். அரை மணி கழித்து ஒரு பட்டியல் கிடைத்தது. இந்த வாலட்டுக்குச் சொந்தமான அட்ரஸ்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். எழுத்தும் எண்ணும் கலந்து, படிக்கவே முடியாது.

படிக்க எதற்கு? இத்தனை வருடமாகக் காலரிலும் இடுப்புப் பட்டியிலும் குறி பார்த்து மூட்டை சேர்க்கிறேன். ஒரே மாதிரி இருநூறு வெள்ளைச் சட்டை, குறியைப் பார்த்துப் பிரித்தால் மாறாது. முதல் நாலு, கடைசி நாலு, அப்புறம் நடுவில் ஒரு இடம். அவள் சிவப்பு வரிகளைத் திறந்து மீதி போன அட்ரஸைக் காட்டக் காட்ட, நான் பட்டியலில் தேடிச் சேர்த்தேன். ஒன்றுகூட வெளி ஆளுடையது இல்லை. எல்லாம் நம்முடையவை. பாதிக்கு மேல் பிறகு செலவாகிக் காலி. ஐந்தில் இன்னும் காசு இருக்கிறது.

38.15
27.40
19.63
11.02
6.08

102 காயின் 28 காசு. அட்டைப் பையில் இருக்கும் 9.20-ஐச் சேர்த்தால் 111.48. வாலட் சொன்னது உண்மை. இவள் சொன்னது உண்மை.

அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். முதுகைத் தடவிக்கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன், விரலெல்லாம் மையாக இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

2 காயின் 54 காசு மட்டும் கழுத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அதை விடுங்க அத்தை, பெரிசு கிடைச்சாச்சே" என்கிறாள். எப்படி விடுவது? ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அந்த இரண்டரையைப் பிடித்துக்கொண்டு நூறு கேள்வி கேட்பார்.

வரவு வரிகளை மறுபடி கூட்டினேன். அதே எண்.

மார்ச் 14, சனி

குறை என்னுடையது.

சீட்டுகளை அடுக்கிக் கட்டும்போது மருமகள் ஒன்றை எடுத்து, "இந்த வட்டம் எதுக்கு?" என்றாள். பதினாலாவது சிவப்பு வரி. நான் எழுதி, சுற்றி வட்டம் போட்டு, கூட்டாமல் விட்டிருக்கிறேன்.

"கப்பல்காரனுக்குப் போனதுதானே. மறுசலவை" என்றேன். கிடங்கில் அப்படித்தான். கறை போகவில்லை என்று திரும்பி வருகிற துணிக்கு வட்டம் போடுவோம். அது வரவிலும் சேராது, செலவிலும் சேராது. கை பழக்கத்தில் இங்கேயும் போட்டிருக்கிறது.

"துணி திரும்பி வந்தா வட்டம் போடுங்க. இது காசு. ரெண்டரை காயின் போயிருக்கு பாருங்க."

திறந்தோம். இரண்டரை காயின், கூலி 4 காசு. 2 காயின் 54 காசு. இருபத்தாறு வருடத்துத் தலையணை உறைகளெல்லாம் சேர்ந்து என் முகத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

"சரி, இது எதுக்குக் குடுத்தது?"

பதில் சொல்லத் தயங்கினாள். போன மழையில் ஒரு மாலுமியின் கோட்டு இஸ்திரியில் கருகிவிட்டதாம். சத்தம் போட்டானாம். கப்பல் கிளம்பும் நேரம். இவளாகவே பொதுக் காசில் இரண்டரை அனுப்பிச் சமாதானம் செய்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. "இஸ்திரி அக்கா அதுக்கப்புறம் ஒரு வாரம் பயந்து பயந்து தேச்சாங்க அத்தை. சொன்னா ஆறு பேர் முன்னாடி தலை குனியணும்."

உன்னைத் திருடி என்று சொன்ன மாப்பிள்ளையின் மாமியாரைத்தானே காப்பாற்றியிருக்கிறாய் என்று வாய்வரை வந்தது. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? சொன்னவர்களில் நானும்தானே இருந்தேன்.

"சொல்லாமக் குடுத்தது தப்புதான். நாளைக்கு நானே எடுத்ததாச் சொல்லிடறேன், பங்குல கழிச்சுக்கட்டும்" என்றாள்.

வேண்டாம் என்றேன். கணக்கில் இருப்பதை இருக்கிறபடிதான் படிப்பேன் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

துவைக்கும் தொட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டர் மாப்பிள்ளைக்கு மட்டும் நாற்காலி. நான் நின்றுகொண்டே படித்தேன். அறுபத்தொரு வரவு. பதினாலு செலவு. கூலி 62 காசு. கிழிக்க முடியாத நோட்டு, மீதிச் சில்லறை, வேறு பை, எல்லாம் சொன்னேன்.

"கதை நல்லாருக்கு பெரியம்மா" என்றார் மாப்பிள்ளை.

"கதை இல்ல மாப்பிள்ளை. உங்க கண் முன்னாடியே பண்ணிக் காட்டறோம். உங்க வாலட்டுக்கே ஒரு காயின் அனுப்பறோம். நீங்க அந்தப் பக்கத்துலயே பாத்துக்கிட்டு இருங்க."

மருமகள் என்னிடமிருந்து போனை வாங்கி ஒரு காயின் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவர் போன் மணி அடித்தது. "முழுசா எவ்வளவு வெளிய போச்சுன்னு படிங்க" என்றேன். "ஆறு… எட்டு காசு." "உங்களுக்கு?" "ஒண்ணு." "மீதி எங்க போச்சு?" ஏதோ ஒரு புது அட்ரஸ், 5 காயின் 4 காசு என்றார். மருமகள் தன் போனில் பட்டியலைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்தாள். அதே அட்ரஸ், அதே ஐந்து நாலு, அங்கே புதிதாக உட்கார்ந்திருந்தது. அவர் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் நாலு, கடைசி நாலு என்று பார்த்தார். நான் சொல்லிக்கொடுக்காமலே.

ரொம்ப நேரம் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "பழுது பாக்கறதுதான் எனக்கு வரும். இது நான் அவசரப்பட்டது. மன்னிச்சுக்கங்க அக்கா" என்றார் என் மருமகளிடம். நல்ல மனுஷன்தான். அரைகுறையாகத் தெரிந்தால் எல்லோருக்கும் வாய் நீளம், எனக்கும் சேர்த்துத்தான்.

"மாப்பிள்ளை, அந்த ஒரு காயினைத் திருப்பி அனுப்பிடுங்க" என்றேன். அனுப்பினார். வந்தது 96 காசு. "கூலி போக" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் அந்தப் பதினாலாவது வரி. படிக்க வாய் எடுத்தேன். "கப்பலுக்குத் திருப்பிக் கொடுத்தது, இரண்டரை காயின்" என்றேன். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இஸ்திரிக்காரி தொட்டியை விட்டு எழுந்தாள். "எதுக்குன்னு நான் சொல்றேன். நான் கருக்கின கோட்டுக்கு. அவன் எப்படிச் சும்மா போனான்னு அன்னைக்கே யோசிச்சேன். கேக்கத் தைரியம் வரல." என் மருமகளிடம் போய் நின்றாள். "அடியே, உன்னையா நான்…" என்று ஆரம்பித்தவளுக்கு முடிக்க வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

இனி ஒரு காயினுக்கு மேல் அனுப்பினால் அன்றே ஆறு பேருக்கும் சொல்லவேண்டும் என்று முடிவு. மருமகளே முதலில் சரி என்றாள்.

கலைவதற்குள் நானும் பேசினேன். "கணக்குல ரெண்டு தப்பு, ரெண்டும் என்னது. ஒண்ணு வட்டம். இன்னொண்ணு போன வெள்ளிக்கிழமை இதே இடத்துல, 'எடுத்திருந்தா'ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது." சீட்டுக் கட்டை மேசைமேல் வைத்தேன்.

மருமகள் போனைப் பையில் போட்டுக்கொண்டு, "கிளம்பலாங்களா அத்தை" என்றாள்.

மார்ச் 16, திங்கள்

பேத்தியின் பெஞ்சில் இன்று என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "பாட்டி பெரிய கம்ப்யூட்டராமே" என்கிறாள். யார் கிளப்பிவிட்டதோ. மறுக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

முன்பணம் நூறு காயின் போய்ச் சேர்ந்தது. கூலி 5 காசு. ஆறு பேருக்கும் சொல்லியாயிற்று.

மார்ச் 24, செவ்வாய்

கப்பல்கள் பழையபடி வந்துகொண்டிருக்கின்றன. ஒரே நாளில் இருபத்திரண்டு மூட்டை.

வீட்டில் இன்னும் "எடுத்து வைக்கட்டுங்களா" தான். கோபமா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க அத்தை" என்றாள். அந்த "ங்க" எனக்குப் பிடிக்கவில்லை. அவளைக் குறை சொல்லவும் வழியில்லை. ஒரு சொல் வெளியே போக ஒரு நொடி போதும். அதன் மீதி எந்தப் பையில் எப்போது வந்து விழும் என்று யார் பட்டியல் காட்டுவார்கள்?

ஏப்ரல் 2, வியாழன்

இயந்திரம் வந்து இறங்கியது. ஆள் உயரம், உள்ளே பேத்தி நிற்கலாம் போல. மகன் கரைப்பக்கம் வந்திருக்கிறான், போன் எடுத்தது. நடந்ததையெல்லாம் ஒரு மூச்சில் கேட்டுவிட்டு, "மீதிச் சில்லறை விஷயத்தை நான் முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றான். இப்போது சொல்கிறான்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று மழை. இயந்திரம் காலையிலிருந்து நிற்கவே இல்லை. மூன்று கப்பல் துணி, காய்ந்து மடித்து மூன்று மணிக்குள் தயார்.

நான் ஈரமான போர்வைகளை ஒவ்வொன்றாகப் போடுவானேன் என்று ஆறையும் சேர்த்து உள்ளே திணித்துக் கதவை மூடினேன். ஏதோ விளக்கு சிவப்பாக மின்னி, கட கடவென்று சத்தம். மருமகள் பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"உங்களுக்கு எத்தன தடவ சொல்றது! நாலுக்கு மேல போடாதீங்கன்னு நேத்துதான தலையால அடிச்சுக்கிட்டேன்! காதுல என்ன பஞ்சா அடைச்சு வச்சிருக்கீங்க? யார் சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு ஒரு விரதம் உங்களுக்கு! தள்ளுங்க, தள்ளி நில்லுங்க அந்தப் பக்கம்!"

கடையே திரும்பிப் பார்த்தது. கவுண்டரில் நின்ற மாலுமி ஒரு அடி பின்னால் நகர்ந்தான். நானும் விடவில்லை. "ஆறு போர்வைக்கு இடம் இல்லாத மிஷின் எதுக்கடி நூறு காயின்?" என்றேன். "அதையும் உங்க சீட்டுல எழுதி வட்டம் போடுங்க!" என்றாள். இரண்டு போர்வையை இழுத்து என் கையில் திணித்தாள். இஸ்திரிக்காரி வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். குடையை மட்டும் என் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தாள். அவளுடைய வலது தோள் முழுக்க நனைந்துவிட்டது.

குறி போடும் மை தீர்ந்துபோனதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். காலையில் அதற்கும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.